கோழிச் சந்தை தந்த எச்சரிக்கை: ஹாங்காங்கும் எச்5என்1 வைரஸும்

விலங்குகளிடமிருந்து வரும் இன்ஃபுளுயன்சா வைரஸ்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மரபணு மாற்றங்களைச் சுற்றியே நடக்கிறது. வைரஸ் ஓயாமல் மாறுவது உண்மைதான். அந்த மாற்றங்களுக்கு வாய்ப்பளிப்பதோ, விலங்குகளை நாம் வளர்க்கும், ஏற்றிச் செல்லும், விற்கும் முறை. 1997இல் ஹாங்காங்கில் பரவிய எச்5என்1 பறவைக் காய்ச்சலையும், அதன்பின் அந்நகரம் தன் கோழிச் சந்தைகளைத் திருத்திய விதத்தையும் சான்றாகக் கொண்டு இதை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை.

பின்னணி

கோழிகளைக் கூட்டங்கூட்டமாகச் சாகடித்த கொள்ளைநோயை 1878இல் வட இத்தாலியில் ஆய்வாளர் பெரோன்சிட்டோ விவரித்தார். அது இன்ஃபுளுயன்சா ஏ வைரஸின் வேலை என்பதை ஜெர்மன் ஆய்வாளர் வெர்னர் ஷேஃபர் 1955இல்தான் காட்டினார். அதுவரை கோழி நோய் கால்நடை மருத்துவர்களின் பொறுப்பாகவும், மனிதக் காய்ச்சல் மருத்துவர்களின் பொறுப்பாகவும் தனித்தனியே கிடந்தன.

1957, 1968ஆம் ஆண்டுகளின் உலகப் பெருந்தொற்றுகள் அந்தப் பிரிவினை தவறு என்று காட்டின. இன்ஃபுளுயன்சா வைரஸின் மரபணுத்தொகுதி எட்டுத் துண்டுகளால் ஆனது. 1957இன் வைரஸில் மூன்று துண்டுகளும், 1968இன் வைரஸில் இரண்டு துண்டுகளும் பறவை வைரஸ்களிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவை. காட்டு நீர்ப்பறவைகளே இந்த வைரஸ்களின் இயற்கை உறைவிடம் என்பதை ராபர்ட் வெப்ஸ்டர் முதலானோரின் ஆய்வுகள் நிறுவின. வாத்தும் பன்றியும் மனிதரும் நெருங்கி வாழும் தென் சீனம் புதிய பெருந்தொற்றுகளின் பிறப்பிடமாகலாம் என்று ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் கென்னடி ஷார்ட்ரிட்ஜ் 1982இலேயே எழுதினார்.

ஆயினும் பறவை வைரஸ் நேரடியாக மனிதரைக் கொல்லும் என்று பெரும்பாலோர் எதிர்பார்க்கவில்லை. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் மனித மூக்கிலும் தொண்டையிலும் உள்ளவை பறவைக் குடலில் உள்ளவற்றிலிருந்து வேறுபட்டவை. பன்றியின் உடலில் மனித வைரஸோடு கலந்த பிறகே பறவை வைரஸ் நம்மிடம் வரும் என்ற கருத்தே மேலோங்கி இருந்தது.

1997: ஒரு குழந்தை, பதினெட்டு நோயாளிகள்

1996இல் தென் சீனத்தின் குவாங்டாங் மாநிலத்தில் நோயுற்ற வாத்தினங்களிடமிருந்து ஓர் எச்5என்1 வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. 1997 மார்ச்சில் ஹாங்காங்கின் கோழிப் பண்ணைகளில் பறவைகள் மடிந்தன. மே மாதம் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் காய்ச்சலில் இறந்தான். அவனிடமிருந்து எடுத்த வைரஸ், அன்று புழக்கத்தில் இருந்த மனித வகைகளுக்கான சோதனைப் பொருட்கள் எதற்கும் பிடிபடவில்லை. மாதிரிகள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போய், அது எச்5என்1 என்று தெரியவந்தபோது ஆகஸ்ட் ஆகிவிட்டது. மாதிரியில் வேறெங்கிருந்தோ வைரஸ் கலந்துவிட்டதோ என்ற ஐயமும் முதலில் எழுந்தது. விசாரணை அதை நீக்கியது.

நவம்பர், டிசம்பரில் மேலும் 17 பேர் நோயுற்றனர். மொத்தம் 18 பேரில் ஆறு பேர் இறந்தனர். சந்தைகளில் எடுத்த கோழி எச்ச மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் வைரஸ் இருந்தது. நோயாளிகளையும் நோயற்றோரையும் ஒப்பிட்ட ஆய்வு, நோய் வருவதற்கு முந்தைய வாரத்தில் உயிர்க்கோழிச் சந்தைக்குப் போனதையே ஆபத்தாக அடையாளங்கண்டது; கோழிக்கறி உண்டதை அல்ல. கோழித் தொழிலாளர்களில் சுமார் 10 விழுக்காட்டினரின் இரத்தத்தில் எச்5 எதிர்ப்பொருள் காணப்பட்டது. தொற்று, நோயாகத் தெரிந்ததைவிடப் பரவலாக இருந்திருக்கிறது.

இந்த வைரஸின் பிறப்பை மரபணு ஆய்வுகள் ஊகித்துக் காட்டின. மேற்பரப்பிலுள்ள ஹீமாக்ளூட்டினின் புரதம் குவாங்டாங் வாத்தின வைரஸின் வழி வந்தது. உள் மரபணுக்கள் காடையிலும் கிளுவையிலும் கண்ட வைரஸ்களை ஒத்திருந்தன. காட்டில் ஒன்றையொன்று நெருங்காத இப்பறவைகள் சந்தையில் அடுக்கடுக்கான கூண்டுகளில் இருந்தன. மேல் கூண்டின் எச்சம் கீழ்க் கூண்டில் விழும். விற்காதவை மறுநாளும் அங்கேயே கிடக்கும். புதிதாக வந்த பறவைகள் அவற்றின் பக்கத்திலேயே அடைக்கப்படும். வைரஸ் ஓய்வின்றி உடல் மாற இதைவிட ஏற்ற இடம் கிடையாது.

டிசம்பர் 29 முதல் நகரிலிருந்த சுமார் 15 லட்சம் பறவைகள் கொல்லப்பட்டன. சந்திரப் புத்தாண்டுக்குச் சில வாரங்களே இருந்தன. படையலிலும் விருந்திலும் முழுக்கோழி இல்லாமல் அந்தப் பண்டிகை இல்லை. அத்தனை பெரிய இழப்பை அந்நகரம் ஏற்றது. அதன்பின் அந்த வகையால் ஒருவரும் நோயுறவில்லை.

சந்தையைத் திருத்திய பத்தாண்டு

நகரம் கொன்றது பறவைகளை மட்டுமே, வைரஸை அல்ல. வைரஸின் மூலம் குவாங்டாங்கில் இருந்தது. புதிய மரபணுக் கூட்டுகளோடு 2001, 2002ஆம் ஆண்டுகளில் அது சந்தைகளுக்குத் திரும்பி வந்தது. எனவே சந்தையின் அமைப்பிலேயே கை வைக்க வேண்டியதாயிற்று. 1998 முதல் நீர்ப்பறவைகள் கோழிகளிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனியே அறுக்கப்பட்டன. 2001 முதல் மாதம் ஒரு நாள் ஓய்வு நாளாக்கப்பட்டு, எல்லாக் கடைகளும் பறவையின்றிக் கழுவிக் காயவிடப்பட்டன. 2002இல் காடைகள் உயிர்க்கோழிக் கடைகளிலிருந்து விலக்கப்பட்டன. 2008இல் இரவில் உயிர்ப்பறவை வைத்திருப்பது தடை செய்யப்பட்டது. உரிமத்தை ஒப்படைத்த வியாபாரிகளுக்கு அரசு பணம் கொடுத்தது.

இவற்றின் பலனை எச்9என்2 என்ற வேறொரு பறவை வைரஸைக் கொண்டு அளந்தார்கள். ஓய்வு நாளுக்குப் பிறகு கோழிகளில் அது கிடைப்பது குறைந்தது; இரவுத் தடைக்குப் பின் மேலும் சரிந்தது. கழுவுதல், பிரித்தல், காலி செய்தல் என்ற எளிய செயல்களே வைரஸின் தொடர்ச்சியை அறுத்தன.

2013இல் ஷாங்காய் வட்டாரத்தில் தோன்றிய எச்7என்9 இப்பாடத்தை உறுதிசெய்தது. அது கோழிகளுக்கு நோய் தராமலே மனிதரைக் கொன்றதால், செத்த கோழியைப் பார்த்து எச்சரிக்கையடைய வழியில்லை. ஷாங்காய், ஹாங்சோ, ஹூசோ, நான்ஜிங் நகரங்களில் உயிர்க்கோழிச் சந்தைகளை மூடியதும் மனிதத் தொற்று 97 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது.

சந்தைக்கு வெளியே

ஹாங்காங் காத்துக்கொண்டாலும் எச்5என்1 பிற இடங்களில் வளர்ந்தது. 2003 இறுதியிலிருந்து வியட்நாம், தாய்லாந்து முதலிய நாடுகளின் கோழிகளில் பரவியது. 2005இல் சீனத்தின் சிங்காய் ஏரியில் வரித்தலை வாத்துகள் உட்பட ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மடிந்தன. 2006இல் மகாராட்டிரத்தின் நவாப்பூர்ப் பண்ணைகளில் இந்தியாவின் முதல் பரவல் பதிவானது. 2003க்குப் பின் உலக சுகாதார நிறுவனத்திடம் பதிவான 900க்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். அறிகுறி லேசாக இருந்தவர்கள் கணக்கில் வராமல் போயிருக்கலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

2024 மார்ச்சில் அமெரிக்கப் பால்பண்ணைப் பசுக்களில் எச்5என்1 உறுதியானது. மடியில் பெருகிய வைரஸ் பாலில் மிகுதியாக வெளிப்பட்டது. கறவை இயந்திரங்கள் அதை மாடு மாடாகக் கொண்டுசென்றன. தொற்றிய தொழிலாளர் பலருக்குக் கண் சிவந்தது. கூண்டு இருந்த இடத்தில் கறவைக் கொட்டில் வந்திருக்கிறது. விலங்குகள் நெருக்கப்பட்ட இடத்தில் மனிதர் அன்றாடம் கை வைக்கும் நிலை மாறவில்லை.

முடிவுரை

எச்5என்1 இன்னும் மனிதரிடையே தொடர்ந்து பரவும் திறனைப் பெறவில்லை. அதைப் பெறும் நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதற்கான வாய்ப்புகளைக் குறைப்பது மட்டும் நம்மால் ஆகும் என்பதற்கு ஹாங்காங்கின் பத்தாண்டு உழைப்பே சான்று. கால்நடைத் துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் ஒரே மாதிரியை ஒரே நேரத்தில் ஆராய வேண்டும். கோழி வெட்டுவோரும் பால் கறப்போரும் முதலில் கவனிக்கப்பட வேண்டியவர்கள். நோயை மறைக்காமல் சொல்லும் பண்ணையாளருக்கு உடனே இழப்பீடு கிடைக்க வேண்டும். இல்லையேல் அவர் சொல்லமாட்டார். ஓர் எச்சரிக்கையைக் கேட்க 1997இல் மூன்று மாதங்கள் பிடித்தன. அடுத்த முறை அத்தனை அவகாசம் கிடைக்கும் என்று எண்ணுவதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.