குபேரக் கோலம் முதல் சுடோகு வரை: ஊகம் தோற்ற கதை

சுடோகு புதிரைக் கையில் எடுத்ததும் முதல் பத்து எண்கள் மளமளவென்று விழுந்துவிடும். அதற்குப் பிறகு பென்சில் நின்றுவிடும். "சரி, இங்கே 4 போட்டுப் பார்ப்போம்" என்று ஒரு கட்டத்தில் துணிந்து எழுதுகிறவர்கள்தான் அதிகம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் ஒரே வரிசையில் இரண்டு 9 நிற்கும். அழித்து அழித்துப் பேப்பர் கிழிந்ததுதான் மிச்சம்!

கடினமான சுடோகுவை ஊகம் இல்லாமல் விடுவிக்க முடியுமா? முடியும். அந்த முறைகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறும் இருக்கிறது. அதில் நம் வீட்டுப் பூஜை அறையும் வருகிறது, இரண்டு இந்தியக் கணித அறிஞர்களும் வருகிறார்கள்.

கோலத்தில் ஒரு கணக்கு

தமிழ்நாட்டில் பல வீடுகளில் குபேரக் கோலம் போடுவார்கள். ஒன்பது கட்டங்கள். முதல் வரிசையில் 27, 20, 25. இரண்டாவதில் 22, 24, 26. மூன்றாவதில் 23, 28, 21. எந்தப் பக்கம் கூட்டினாலும் 72 வரும், மூலைக்கு மூலை கூட்டினாலும் அதே 72 தான். இதுதான் மாயச் சதுரம். நாராயண பண்டிதர் 1356ல் எழுதிய 'கணித கௌமுதி'யில் இப்படிப்பட்ட சதுரங்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. கும்பகோணத்தில் படித்த ராமானுஜனின் நோட்டுப் புத்தகத்திலும் முதல் அத்தியாயம் மாயச் சதுரங்களைப் பற்றியதுதான்.

பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் போன்ற செட்டிநாட்டு ஊர்களுக்குக் கட்டம் போட்டுக் கணக்குப் பார்ப்பது புதிதல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை வைத்திருந்த நகரத்தார், கணக்கை முடித்து 'ஐந்தொகை' எடுப்பார்கள். வரவும் பற்றும் சரிக்குச் சரி நிற்க வேண்டும். ஐந்து ரூபாய் இடித்தால் "எங்கேயாவது ஐந்து ரூபாய் போட்டுச் சரிசெய்" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எந்தப் பதிவில் தவறு என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சுடோகுவுக்கும் இதே ஒழுக்கம்தான் வேண்டும்.

ஆய்லர் செய்த ஊகம்

மாயச் சதுரத்தில் கூட்டல் முக்கியம். சுடோகுவில் கூட்டலே கிடையாது. ஒரு வரிசையில் ஓர் எண் ஒருமுறைதான் வர வேண்டும் என்பதே விதி. இந்த வகைக்கு லத்தீன் சதுரம் என்று பெயர். இதை விரிவாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்தின் லியோனார்ட் ஆய்லர்.

1782ல் அவர் ஒரு கேள்வி கேட்டார். ஆறு படைப்பிரிவுகள், ஒவ்வொன்றிலும் ஆறு வெவ்வேறு பதவிகள், மொத்தம் 36 அதிகாரிகள். எந்த வரிசையிலும் எந்தப் பத்தியிலும் ஒரே பிரிவோ ஒரே பதவியோ இரண்டு முறை வராமல் அவர்களை 6க்கு 6 கட்டத்தில் நிறுத்த முடியுமா? ஆய்லரால் முடியவில்லை. அதோடு விட்டாரா? 10, 14, 18 என்று நான்கு நான்காகக் கூடிப்போகும் அளவுகளிலும் முடியாது என்று ஊகித்துச் சொல்லிவிட்டார்.

6 என்ற அளவில் முடியாது என்பதை 1901ல் பிரான்சின் கஸ்தோன் தாரி எல்லா வழிகளையும் சரிபார்த்து நிரூபித்தார். ஆனால் 10? ஆய்லர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று உலகம் நம்பியது.

1959ல் அந்த நம்பிக்கை உடைந்தது. உடைத்தவர்கள் ஆர்.சி. போஸ், எஸ்.எஸ். ஸ்ரீகண்டே என்ற இரண்டு இந்தியர்களும், ஈ.டி. பார்க்கர் என்ற அமெரிக்கரும். போஸ், கல்கத்தாவில் மகலனோபிஸின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்காவின் வடக்குக் கரோலினாவுக்குப் போனவர். போஸும் ஸ்ரீகண்டேயும் 22 அளவில் ஒரு சதுரத்தை அமைத்துக் காட்டினார்கள். பார்க்கர் 10 அளவில் அமைத்தார். பிறகு மூவரும் சேர்ந்து, 6க்கு மேல் ஆய்லர் 'முடியாது' என்ற எல்லா அளவுகளிலும் முடியும் என்று நிரூபித்தார்கள். நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் இதை முதல் பக்கத்தில் போட்டது. 177 வருட ஊகம் காலி!

புதிராக வந்த சதுரம்

1979ல் ஹோவர்ட் கார்ன்ஸ் என்ற ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர், 9க்கு 9 லத்தீன் சதுரத்தில் 3க்கு 3 பெட்டிகளைச் சேர்த்து ஒரு புதிர் அமைத்தார். அமெரிக்காவின் டெல் பத்திரிகையில் அது வெளியானது. 1984ல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் அதை எடுத்துப் பிரபலமாக்கியது. சுடோகு என்ற பெயர் அங்கே வந்ததுதான். ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்த வேய்ன் கோல்டு, புதிர்களைத் தானே உருவாக்கும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதினார். 2004 நவம்பர் 12ல் லண்டன் டைம்ஸ் அவருடைய புதிரை வெளியிட்டது. அடுத்த வருடமே உலகம் முழுக்கப் பைத்தியம் பிடித்தது. 2008ல் கோவாவிலும் 2017ல் பெங்களூரிலும் உலக சுடோகு போட்டியே நடந்தது.

கடினமான முறைகள்

விளையாடுகிறவர்கள் கூடக் கூட முறைகளும் பெருகின. இரண்டை மட்டும் பார்ப்போம். இரண்டுக்கும் ஒரே தயாரிப்புதான்: ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் வரக்கூடிய எண்களைச் சிறியதாக எழுதிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எக்ஸ்-விங். இரண்டாவது வரிசையில் 7 வரக்கூடிய இடங்கள் 3ஆம் பத்தியும் 8ஆம் பத்தியும் மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது வரிசையிலும் அதே இரண்டு பத்திகள்தான். இப்போது இரண்டே வழிகள். மேலே 3ஆம் பத்தியில் 7 வந்தால் கீழே 8ஆம் பத்தியில் வரும். அல்லது அப்படியே தலைகீழாக வரும். எது உண்மை என்று நமக்குத் தெரியாது. ஆனால் எப்படி இருந்தாலும் அந்த இரண்டு பத்திகளின் 7கள் இந்த இரண்டு வரிசைகளிலேயே முடிந்துவிடுகின்றன. ஆகவே அந்தப் பத்திகளின் மற்றக் கட்டங்களில் இருக்கும் 7ஐத் தைரியமாக அடித்துவிடலாம். இதையே மூன்று வரிசை, மூன்று பத்திகளில் செய்தால் அதற்கு ஸ்வோர்ட்ஃபிஷ் என்று பெயர்.

இரண்டாவது, எக்ஸ்ஒய்-விங். ஒரு கட்டத்தில் 1 அல்லது 2 மட்டுமே வரலாம். அதோடு வரிசையிலோ பத்தியிலோ பெட்டியிலோ சேர்ந்த ஒரு கட்டத்தில் 1 அல்லது 3, அதேபோல் சேர்ந்த இன்னொன்றில் 2 அல்லது 3. நடுக் கட்டம் 1 ஆனால் முதல் துணைக் கட்டம் 3 ஆகும். 2 ஆனால் இரண்டாவது துணை 3 ஆகும். இரண்டில் ஒன்று நிச்சயம் 3. ஆகவே அந்த இரண்டு துணைக் கட்டங்களோடும் தொடர்புள்ள வேறு எந்தக் கட்டத்திலும் 3 வர முடியாது.

கவனித்தீர்களா? இரண்டு முறைகளிலும் நடுவில் இருக்கும் விடை நமக்குத் தெரியவே இல்லை. தெரியாததை வைத்துக்கொண்டே தெரிந்த ஒன்றைப் பிடிக்கிறோம். இதுதான் இவற்றின் அழகு.

ஊகம் பாவமா?

கம்ப்யூட்டர் சுடோகுவை விடுவிப்பது பெரும்பாலும் ஊகித்துத்தான். தவறானால் நொடியில் பின்வாங்கி அடுத்த எண்ணைப் போடும். ஒரே விடை கிடைக்க ஒரு புதிரில் குறைந்தது எத்தனை எண்கள் தரப்பட வேண்டும் என்ற கேள்வி பல வருடம் நிலுவையில் இருந்தது. 17 என்பதே எல்லோருடைய ஊகம். 2012ல் டப்ளினில் கேரி மக்குவயரின் குழு, 16 எண்கள் போதாது என்பதைக் கம்ப்யூட்டரில் சரிபார்த்துக் காட்டியது. இந்த முறை ஊகம் ஜெயித்தது. ஆனால் சரிபார்த்த பிறகுதான் அது உண்மை என்று ஏற்றுக்கொள்ளப்பட்டது.

ஆக, ஊகிப்பது தவறில்லை. ஆய்லரே ஊகித்திருக்கிறார். ஊகத்தைப் பேனாவால் எழுதுவதுதான் தவறு. அடுத்த முறை சுடோகுவில் மாட்டிக்கொண்டால் அந்த 4ஐ எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். எங்கே 4 வராது என்று முதலில் தேடுங்கள். வழி தானாகத் திறக்கும்.