ஆளவந்தார் கொலை வழக்கு

1952 ஆகஸ்டில், சென்னையிலிருந்து சென்ற போட் மெயிலில் கிடந்த டிரங்குப் பெட்டி ஒன்று மானாமதுரையில் திறக்கப்பட்டது. உள்ளே தலையற்ற ஆண் உடல்! பின்னர் இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. பேனா வணிகர் ஆளவந்தாரைக் காணவில்லை என்ற புகாரும் இருந்தது. தேடப்பட்ட தம்பதியர் நம் பம்பாயில் பிடிபட்டனர்.

கொன்றவர் யார் என்பதற்கு முன், மாண்டவர் யார் என்பதையே அரசாங்க வழக்கறிஞர் கோவிந்த் சுவாமிநாதன் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தலையும் உடலும் ஒருவருடையவையே என மருத்துவர் சான்றுரைத்தார். தலையை ஆளவந்தாரின் மனைவி அடையாளங் காட்டினார். 1953-இல் நீதிபதி பஞ்சாபகேச ஐயர், குற்றவாளிகளான கணவனுக்கு 7 ஆண்டும் மனைவிக்கு 3 ஆண்டும் சிறை விதித்தார்.

தண்டனை போதுமா என நாம் வாதிடலாம். மாண்டவர் பெயரற்றுப் போகாமற் காத்ததே அவ்வழக்கில் நீதியின் முதல் வெற்றி என்போம்.