ட்ரூமனின் ஆணையும் ஒரு கடிதமும்

அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் 1948 ஜூலை 26 அன்று பிறப்பித்த 9981-ஆம் நிர்வாக ஆணை, படையினர் அனைவரும் சமமாக நடத்தப்பட்டுச் சமவாய்ப்புப் பெற வேண்டும் என்றது. நிறப் பிரிவினை என்ற சொல் அதில் இல்லை. இந்த மௌனத்தையும், வடமாநிலக் கறுப்பின வாக்குகளின் மதிப்பைச் சுட்டிய 1947 நவம்பரில் ட்ரூமனுக்கு அளிக்கப்பட்ட தேர்தல் உத்திக் குறிப்பையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர் ஒரு சாரார், ஆணையை வாக்குக் கணக்கின் விளைவு என்பர்.

காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. குடிமை உரிமைக் குழுவை ட்ரூமன் அமைத்தது 1946 டிசம்பரில்; லிங்கன் நினைவு மண்டபத்தில் கறுப்பின உரிமை அமைப்பின் கூட்டத்தில் பேசியது 1947 ஜூனில். இரண்டும் அக்குறிப்புக்கு முந்தியவை. தென்மாநிலங்கள் ட்ரூமனின் ஜனநாயகக் கட்சியைக் கைவிடமாட்டா என்பதே குறிப்பின் அடிப்படை. கட்சியின் பிலடெல்பியா மாநாட்டிலிருந்து தென்மாநிலப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் வெளியேறியதும் அது பொய்த்தது. இரு வாரத்துக்குள் ஆணை வந்தது. கட்டாய ராணுவச் சேவையைப் புறக்கணிப்போம் என்ற கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃபின் எச்சரிக்கை ஆணை வந்த நேரத்தை விளக்கலாம். 1946-இல் தொடங்கிய போக்கை விளக்காது. ஆணையின் மௌனமும் பெரிதல்ல: பிரிவினையை ஒழிப்பதுதான் நோக்கமா என்று செய்தியாளர்கள் கேட்டபோது, ஆம் என்றே ட்ரூமன் விடையளித்தார்.

நோக்கத்தை அறிய முதன்மைச் சான்று, 1948 ஆகஸ்ட் 18 அன்று அவர் எழுதிய கடிதம். குடிமை உரிமையில் மென்மையாகப் போகும்படி வேண்டிய பழைய தென்மாநில நண்பருக்கு அது பதில். தென் கரோலினாவில் கறுப்பினச் சார்ஜென்ட் ஒருவர் பேருந்திலிருந்து இறக்கப்பட்டு, அடிபட்டு, ஒரு கண்ணை இழந்ததையும், மாநில அரசு வாளாவிருந்ததையும் அது சொல்கிறது. குடிமை உரிமை நிலைப்பாட்டால் தேர்தலில் தோற்றாலும் அது நல்ல காரியத்துக்கான தோல்வியே என்கிறது.

வரலாற்றில் நற்பெயர் தேடி எழுதிய கடிதம் இது என்ற ஐயம் எழுப்பப்படுகிறது. வாசகம் அதற்கு இணங்கவில்லை. கடிதம் சுட்டும் அந்தச் சார்ஜென்ட், 1946 பிப்ரவரியில் பேட்ஸ்பர்க்கில் தாக்கப்பட்ட ஐசக் வுடர்ட், இழந்தது இரு கண்களையும். இப்பிழை, செய்தியைச் சரிபார்க்காமல் நினைவிலிருந்தே எழுதியதன் அடையாளமாகலாம். அதைவிட வலுவானது, சமூக சமத்துவத்தைத் தாம் கோரவில்லை, வாய்ப்புச் சமத்துவத்தையே கோருவதாக அவர் எழுதிய வரி. எதிர்காலப் புகழை நாடியவர் இப்படி எல்லை வகுத்திருக்கமாட்டார். நண்பரைச் சமாதானப்படுத்தவே இவ்வரி என்பதும் பொருந்தாது. ஆணையின் வாசகத்திலும் அதே எல்லைதான்.

ஆக, ட்ரூமனின் அறநிலைப்பாடு உண்மையானது, குறுகியதும்கூட. சீருடையில் இருந்த குடிமகனை அரசு காக்கத் தவறியதே அவரை உலுக்கியது. அரசின் கடமை முடியும் இடத்தில் அவரது சினமும் முடிந்தது. 1960-இல் தனியார் உணவகங்களில் கறுப்பின மாணவர்கள் நடத்திய உள்ளிருப்புப் போராட்டங்களை அவர் கடுமையாகச் சாடியது இதனோடு முரண்படவில்லை.

1952-இல் அவருக்கான மக்கள் ஆதரவு 22 விழுக்காடாகச் சரிந்திருந்தது. 1962-இல் வரலாற்றாசிரியர்களின் தரவரிசையில் அவர் ஒன்பதாம் இடம் பெற்றார். அந்த ஏற்றத்தில் அயலுறவுக் கொள்கைக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ராணுவத்தின் தயக்கத்தையும் கொரியப் போரையும் கடந்து, 1954-க்குள் கறுப்பினத் தனிப் படைப்பிரிவுகள் மறைந்ததற்கு வழிவகுத்தது 1948-இன் ஆணையே. தோல்வியை எதிர்பார்த்தும் எடுத்த முடிவு என்பதால் அதன் பெருமை அவருக்குரியது. அவர் வகுத்த எல்லையின் பொறுப்பும் அவருடையதே.