ஆழமே அரணாக இருந்த மீன்

வட அமெரிக்கப் பேரேரிகளில் வாழும் ஏரி ட்ரவுட்டுக்கு எந்த இரை நல்லது என்ற வாதம் தூண்டில்காரர்களிடையே ஓய்வதே இல்லை. அந்த மீன்பிடிப்பின் வரலாற்றைப் புரட்டினால், இரை அதிகம் மாறவில்லை என்பது தெரியும். ஹெர்ரிங் போன்ற சிறுமீனோ, அதைப் போல மின்னும் உலோகமோதான் என்றும் இரை. அதை எவ்வளவு ஆழத்துக்கு இறக்க முடிந்தது என்பதுதான் மாறிக்கொண்டே வந்தது. இந்த மீனுக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிர்நீர் வேண்டும். பனிக்கட்டி உருகும் வசந்தத்தில் கரையோரம் மேயும். கோடையில் பல பத்து மீட்டர் கீழே இறங்கிவிடும். இலையுதிர் காலத்தில் முட்டையிடப் பாறைத் திட்டுகளுக்கு ஏறி வரும். அங்கு வாழும் ஒஜிப்வே பழங்குடி மக்கள் இந்தப் போக்குவரத்தை அறிந்து, மீன் எட்டும் இடத்துக்கு வரும் காலம் பார்த்து வலை வைத்தார்கள். குளிர்காலத்தில் உறைந்த ஏரியில் துளையிட்டு, மரத்தில் செதுக்கிய பொய்மீனை நீருக்குள் ஆட்டி, நெருங்கி வந்ததை ஈட்டியால் குத்தினார்கள்.

ஆழத்தைத் துரத்திப் போனது 19ஆம் நூற்றாண்டு. ஜூலியோ பியூல் 1852இல் கரண்டி வடிவத் தூண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். (சாப்பாட்டுக் கரண்டி ஏரியில் தவறி விழ, மீன் பாய்ந்து கவ்வியதாம். கதை அழகாகத்தான் இருக்கிறது.) ஆனால் படகு இழுக்கும்போது கரண்டி மேலெழும்பிவிடும். கயிற்றின் நுனியில் கனத்த ஈயக்குண்டு கட்டி, வெவ்வேறு ஆழங்களில் கிளை நரம்புகளில் கரண்டிகளைத் தொங்கவிடும் முறை இதற்கு விடை சொன்னது. அமெரிக்க மீன்குஞ்சு வளர்ப்பின் முன்னோடி சேத் கிரீனின் பெயரால் அது வழங்குகிறது. தன் எடையாலேயே மூழ்கும் செம்புக் கம்பியும் அதே வேலையைச் செய்தது. வணிக மீனவர்களோ செவுள் வலையை ஆழத்தில் விரித்தார்கள். நீராவிப் படகும், 1890களில் பரவிய வலை இழுக்கும் எந்திரமும் கையால் தூக்க முடியாத நீளத்துக்கு வலை விரிக்க வழிசெய்தன.

இப்படி ஆழத்தையும் வலை எட்டிய பிறகு ட்ரவுட் கூட்டம் சரிந்தது. அதை அழித்தது மீனவன் அல்ல, லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணி மீன்தானே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. நயாகரா அருவி தடுத்து வைத்திருந்த லாம்ப்ரேக்கு 1829இல் திறந்த வெல்லண்ட் கால்வாய் வழிவிட்டது. 1930களின் இறுதிக்குள் அது சுப்பீரியர், மிச்சிகன், ஹ்யூரான் என்ற மேல் ஏரிகள் வரை பரவிவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 1.5 கோடி பவுண்டாக இருந்த அந்த ஏரிகளின் ட்ரவுட் பிடிப்பு, 1960களின் தொடக்கத்தில் 3 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. மிச்சிகன், ஹ்யூரான் ஏரிகளில் முதல் குற்றவாளி லாம்ப்ரேதான் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மீன் முட்டையிடும் பருவத்தை எட்டவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். வலை விரும்பியதும் பெரிய மீனை, லாம்ப்ரே ஒட்டிக்கொண்டதும் பெரிய மீனில். இரண்டும் ஒரே தலைமுறையைக் கொன்றன. அதிலும், கூட்டம் மெலிந்துகொண்டிருந்த 1950 வாக்கில்தான், பருத்தி வலையைவிட அதிக மீன் சிக்கும் நைலான் வலை வந்து சேர்ந்தது. லாம்ப்ரேயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது பாதி வழக்கு.

சுப்பீரியர் ஏரி இதற்குச் சான்று. அங்கே கரையோர ட்ரவுட் பெரிதும் அழிந்தபோதும், கொழுப்பு மிகுந்த சிஸ்கோவெட் வகை அடியாழத்தில் தாக்குப்பிடித்தது. தொலைவான திட்டுகளிலும் கொஞ்சம் மிஞ்சியது. 1958 முதல் லாம்ப்ரே குஞ்சுகளை நஞ்சிட்டுக் கொன்று, வலைகளுக்கும் கட்டுப்பாடு வைத்த பிறகு, மிஞ்சியவை பெருகின. 1990களில் அந்த ஏரியின் பெரும்பகுதியில் பண்ணைக் குஞ்சுகளை விடுவதையே நிறுத்த முடிந்தது. எதுவும் மிஞ்சாத மிச்சிகன் ஏரியில் பண்ணைக் குஞ்சுகளை இன்றும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.