ஒரே சீராகச் சுழலும் தட்டு



1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்டோம். கை தளர்ந்தால் கசெற்றில் பாட்டு இழுபடும். சுழன்று பாடும் எந்தக் கருவிக்கும் முதற் கடமை ஒரே வேகத்தில் சுழல்வதுதான். இசைத்தட்டுக் கருவியின் வரலாறும் பெரும்பாலும் இந்த ஒரு கடமையின் வரலாறே.

"வீட்டில் பழைய இசைத்தட்டுகள் இருக்கின்றன, குறைந்த காசில் எந்தப் பிளேயரை வாங்கலாம்?" என்று நேயர்கள் சிலர் என்னிடம் கேட்டிருந்தார்கள். கணக்கெழுதிப் பிழைப்பவன் என்பதால் வரலாற்றோடு செலவுக் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன்.

நாம் வாழும் சுவிஸ் இந்தத் துறையில் பேர் பெற்ற நாடு. இசைப்பெட்டிகளுக்குப் புகழ்பெற்ற சென் குறுவா என்ற மலையூரில் 1883இல் ஹேர்மன் தொரன்ஸ் தொடங்கிய நிறுவனம், 1957இல் டிடி 124 என்ற கருவியை வெளியிட்டது. பேர்ண் மாநிலத்தின் பூர்க்டோர்வில் 1946இல் லென்கோ நிறுவனம் உருவானது. லென்கோவில் ஒரு றப்பர் சில்லு தட்டைத் தள்ளிச் சுழற்றும். சில்லு தேய்ந்தால் மோட்டரின் அதிர்வு பாட்டுக்குள் இரைச்சலாக வரும். வேறு கருவிகளில் றப்பர் பெல்ற் இருக்கும். அது இரைச்சலைக் குறைக்கும், ஆனால் காலப்போக்கில் இளகும், வேகம் பிடிக்கவும் நேரமெடுக்கும்.

1970இல் ஜப்பானின் மற்சுசிற்றா நிறுவனம், அதாவது இன்றைய பானசொனிக், ரெக்னிக்ஸ் எஸ்பி-10 என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் சில்லும் இல்லை, பெல்ற்றும் இல்லை. மோட்டரின் அச்சிலேயே தட்டு இருக்கும். மோட்டரே நிமிடத்துக்கு 33⅓ தடவை மெதுவாகச் சுழலும். இதுதான் டிறைக்ற் டிறைவ், நேரடிச் சுழற்சி. 1972இல் எஸ்எல்-1200 வந்தது. 1979இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தில், குவாட்ஸ் கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற படிகம் வேகத்தைக் காவல் காத்தது. முக்கால் விநாடிக்குள் அது முழு வேகத்தை எட்டிவிடும். அறிவிப்பாளர் பேசி முடித்த கையோடு பாட்டு ஒலிக்க வேண்டிய வானொலிக் கலையகங்களுக்கு இது பெரிய வசதி. 1977இல் சூரிச்சுக்கு அருகிலுள்ள ரெகென்ஸ்டோர்வின் ரெவொக்ஸ் நிறுவனமும், கை நேர்கோட்டில் நகரும் பி790 என்ற நேரடிச் சுழற்சிக் கருவியை வெளியிட்டது. ரெக்னிக்ஸ் 1200 வரிசையின் உற்பத்தி 2010இல் நின்று, 2016இல் மீண்டும் தொடங்கியது.

1982இல் இறுவட்டு வந்தபின் இசைத்தட்டுக் கருவிகள் பல மேல்மாடிக்குப் போய்விட்டன. அவற்றில் சிலவற்றை இன்று புரொக்கன்ஹவுஸ் கடைகளில் காணலாம். பெயர்பெற்ற 1200தான் வேண்டும் என்றில்லை. அதே காலத்தில் ரெக்னிக்ஸ், பயனியர், டெனன், சொனி ஆகியவை வீட்டுப் பாவனைக்குச் செய்த எளிய நேரடிச் சுழற்சிக் கருவிகளே நமக்குப் போதும்.

வாங்குமுன் நான்கு விடயங்களைப் பாருங்கள். முதலாவது, பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வோல்ற். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ற்றில் இயங்குபவை. இங்குள்ள 230 வோல்ற்றில் நேரே செருகினால் பழுதாகிவிடும். இரண்டாவது, வேகம். தட்டின் ஓரத்தில் புள்ளிகள் இருந்தால், கருவியின் சிறு விளக்கொளியில் அந்த வேகத்துக்குரிய வரிசை அசையாமல் நிற்பதுபோலத் தெரிய வேண்டும். பத்து நிமிடம் ஓடவிட்டும் பாருங்கள். பழைய மின்சுற்றுகளின் பலவீனம் சூடேறிய பின்னரும் தெரியவரலாம். மூன்றாவது, கை தடையின்றி அசைய வேண்டும், ஆனால் ஆடக்கூடாது. நான்காவது, உங்களிடம் 78 வேகத் தட்டுகள் இருக்கின்றனவா என்பது. நேரடிச் சுழற்சிக் கருவிகளில் பலவற்றில் 33⅓, 45 ஆகிய இரண்டு வேகங்களே உண்டு. 78க்குப் பழைய லென்கோ எல்75 போன்றவையே கைகொடுக்கும்.

இனிச் செலவுக் கணக்கு. கையில் 300 பிராங் இருந்தால் அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கருவிக்குக் கொடுக்க வேண்டாம். மிச்சம் ஊசிக்கும் அதைத் தாங்கும் கார்ட்றிட்ஜுக்கும். சீரான சுழற்சி என்ற பிரச்சினை ஐம்பது வருடங்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஆனால் தட்டைத் தொடுவது ஊசி. எவ்வளவு ஓடியதென்று தெரியாத பழைய ஊசியை நம்பி ஒரு தட்டைக்கூட வைக்காதீர்கள். தேய்ந்த ஊசி பள்ளத்தைச் சுரண்டும், சுரண்டியது திரும்பி வராது. 78 தட்டின் பள்ளம் அகலமானது. அதற்கு, மற்றத் தட்டுகளுக்குரிய ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பருமனான ஊசி தேவை. ஓடியோ-ரெக்னிக்கா விஎம்95 வரிசையில் ஒரே கார்ட்றிட்ஜில் இரண்டு வகை ஊசிகளையும் மாற்றி மாற்றிப் பொருத்தலாம். ஊசியை மாற்றும்போது பாரத்தையும் மாற்றவேண்டும். உங்கள் அம்பிளிபயரில் போனோ என்ற துளை இல்லாவிட்டால், அதற்கான சிறு கருவி ஒன்றும் வேண்டும்.

இவ்வளவு கவனம் எதற்கு? பழைய சினிமாப் பாட்டுகள் பல இன்று இணையத்தில் கிடைக்கின்றன. ஆனால் ஒரு கலைஞர் சில நூறு தட்டுகள் மட்டும் அடித்து வெளியிட்ட பாடல் எங்கள் அலுமாரியில்தான் மிஞ்சியிருக்கக்கூடும். ராஜரத்தினம்பிள்ளையின் தோடி போன்ற 78 தட்டுகள் அவலரக்கு எனும் அரக்கால் ஆனவை, விழுந்தால் உடையும். ஸ்பிரிற்றால் துடைத்தால் அரக்குக் கரையும். உடைந்த தட்டையும் எறிந்துவிடாதீர்கள். லுகானோவிலுள்ள சுவிஸ் தேசிய ஒலிக்காப்பகமும் பிறீபூர்க் பொறியியல் கல்லூரியும் சேர்ந்து, பள்ளங்களைப் படம்பிடித்து, அந்தப் படத்திலிருந்தே ஒலியை மீட்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன.

நூலகம் எரிந்ததைப் பார்த்த இனம் நாங்கள். பிரதி எடுக்காத ஒரே பிரதி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஆகவே தட்டைப் பலமுறை போட்டுக் கேட்பதைவிட, நல்ல ஊசியில் ஒருமுறை போட்டு ஒலிப்பதிவு செய்யுங்கள். பிறகு பதிவையே கேளுங்கள். கருவி வாங்க வசதியில்லாதவர்கள் தட்டுகளை எங்கள் கலையகத்துக்குக் கொண்டு வாருங்கள். பதிவு செய்து, தட்டையும் பதிவின் பிரதியையும் உங்கள் கையிலேயே தருவோம். உறையில் யார் பாடியது, எங்கே வாங்கியது, யார் கொண்டு வந்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதை ஊசி சொல்லாது, நீங்கள்தான் சொல்லவேண்டும்.