திறந்த கோப்பின் எண்

யூனிக்ஸில் ஒரு நிரல் கோப்பைத் திறந்தால் கெர்னல் அதற்கு ஒரு சிறு எண்ணைத் தருகிறது. 0, 1, 2 மூன்றும் உள்ளீடு, வெளியீடு, பிழைச் செய்திக்குப் போய்விடுவதால் நாம் திறக்கும் முதல் கோப்புக்கு வழக்கமாக 3 கிடைக்கும். காலியாக உள்ளவற்றில் மிகச் சிறிய எண்தான் எப்போதும் தரப்படும். மூடினால் அதே எண் பிறகு திறக்கும் கோப்புக்குப் போகலாம்.

1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஒரு நிரலுக்கு 20 எண்கள்தான். பிறகு நெட்வொர்க் இணைப்புகளும் இதே எண்களைக் கேட்டு வந்தன. 1983இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டியோடு வந்த 'செலக்ட்', எந்த இணைப்பில் தரவு காத்திருக்கிறது என்று பார்க்க எண்ணுக்கு ஒரு பிட் ஒதுக்கியது. லினக்ஸில் அந்தப் பட்டியலின் நீளம் 1024 பிட். 1024 என்ற எண்ணை அதில் குறிக்கப் போனால், அந்தப் பிட் பக்கத்து நினைவகத்தில் போய் விழும். 2018 டிசம்பரில், லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் 240ஆம் பதிப்பு, ஒரு நிரலுக்கான எண்களின் உச்ச வரம்பை 524288 ஆக்கியபோதும் தொடக்க வரம்பை 1024லேயே விட்டுவைத்தது இதனால்தான். பழைய நிரல்கள்மீது காட்டிய அந்த அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது.

'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்று பிழை வந்ததும் யூலிமிட் கட்டளையால் இந்த வரம்பை ஏற்றுவதுதான் பலரும் செய்வது. மூட மறந்த கோப்புகள் சேர்ந்துகொண்டே போனால் எவ்வளவு ஏற்றினாலும் ஒருநாள் எண்கள் தீர்ந்துபோகும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் வேறு வழியில் போனது. அதில் ஓர் அட்டவணை 1 ஜிபியைத் தாண்டினால் அடுத்த கோப்பு தொடங்கும். ஒவ்வொரு இண்டெக்ஸுக்கும் தனிக் கோப்பு. ஒரு புரோசஸ் ஆயிரக்கணக்கான கோப்புகளைத் தொட நேரலாம். திறந்து வைத்திருக்கும் கோப்புகளுக்கு இயல்பான வரம்போ 1000. அதனால் உள்ளே மற்ற பகுதிகளுக்குக் கெர்னலின் எண்ணைக் கொடுக்காமல், தன் சொந்த எண்ணைக் கொடுக்கிறது. இடம் தீர்ந்தால் நெடுநேரம் தொடாத கோப்பைச் சத்தமில்லாமல் மூடிவிடும். மறுபடி யாராவது கேட்டால், குறித்து வைத்த பெயரைக் கொண்டு திறந்து தரும். கேட்டவருக்கு இடையில் நடந்தது தெரியவே தெரியாது.

மறுபடி திறப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலில் 'புதிதாக உருவாக்கு, இருப்பதை அழி' என்ற கட்டளையோடு திறந்த கோப்பை அதே கட்டளையோடு மீண்டும் திறந்தால், எழுதிய தரவெல்லாம் போய்விடும். ஆகவே முதல் திறப்பின்போதே, அந்தக் கட்டளைகளை நீக்கிவிட்டு மற்றவற்றை மட்டும் அது குறித்து வைக்கிறது.