செலுத்தல்: ஓர் ஐயத்தின் வரலாறு

ஒரு சோடிச் செருப்பில் ஒன்றைப் புதுக்குடியிருப்புக்கும் மற்றதை வியன்னாவுக்கும் பொதியாக அனுப்புவதாகக் கொள்வோம். புதுக்குடியிருப்பில் பொதியைப் பிரிப்பவர் இடக்காற் செருப்பைக் கண்டால், வியன்னாவுக்குச் சென்றது வலக்காற் செருப்பென அக்கணமே அறிவார். இதில் வியப்பில்லை, அனுப்பியபோதே அது முடிவாகிவிட்டது.

ஒன்றோடொன்று பிணைந்த இரு நுண்துணிக்கைகளும் இத்தகையனவோ? சத்திச்சொட்டுக் கொள்கை, 'அல்ல' என்கிறது. அளக்கும்வரை அவற்றின் நிலை முடிவாவதில்லை. அவ்வாறாயின், இங்கு ஒன்றை அளத்தல் தொலைவிலுள்ள மற்றதன் நிலையையும் தீர்மானிப்பதாகும். 1935ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைன், பொடொல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் இதனை ஏற்க மறுத்து, அக்கொள்கை முழுமையற்றது என வாதிட்டனர். அவ்வாண்டிலேயே சுரோடிங்கர் இவ்விளைவினைக் கலத்தைச் சுக்கான் பிடித்துச் 'செலுத்தல்' என்னும் பொருள்படக் குறிப்பிட்டார். ஆயினும் அவர் மனமும் அதற்கு ஒப்பவில்லை.

நெடுங்காலம் தத்துவ வாதமாகவே கருதப்பட்ட இவ்வையத்தை, 2007இல் அவுஸ்திரேலியாவில் வைஸ்மன், ஜோன்ஸ், டொகேட்டி என்போர் பரிசோதிக்கத்தக்க வினாவாக வகுத்தனர். எதிர்ப்பக்கத்தாரை நம்பாத ஒருவரை எவ்வாறு நம்பவைப்பது? ஐயுறுபவர் தம்மிடம் வந்த துணிக்கையை வைத்துக்கொண்டு, எத்திசையில் அளக்கவேண்டும் என்பதைத் தாமே அறிவிப்பார். மற்றவர் விடை கூறவேண்டும். முன்னரே நிலை முடிவான துணிக்கைகளை அனுப்பி ஏமாற்றுபவரின் விடைகள், ஒரு வரம்புக்கு மேல் பொருந்தமாட்டா. வரம்பு மீறப்படின், செலுத்தல் மெய்யாகும்.

2010இல் பிறிஸ்பேன் நகரின் கிரிபித் பல்கலைக்கழகத்தினர், ஒளித்துணிக்கைகளைக்கொண்டு அவ்வரம்பு மீறப்படுவதைக் காட்டினர். ஆயினும் ஒரு குறை எஞ்சியது. பல துணிக்கைகள் வழியில் தொலைந்துபோகும். கடினமான வினாக்களைத் தவிர்த்து நற்புள்ளி தேடும் மாணவனைப்போல, ஏமாற்றுபவரும் 'துணிக்கை தொலைந்தது' என்று தப்பலாமன்றோ? 2012இல் சைலிங்கர் உள்ளிட்ட வியன்னாக் குழுவினர், தொலைந்தவற்றையும் கணக்கிற் சேர்த்தும், இரு பக்கங்களுக்கும் இடையே ஒளியும் செய்தி கொண்டுசெல்ல இயலாதவாறு விரைந்து அளந்தும், அக்குறையை நீக்கினர். வரம்பு அப்போதும் மீறப்பட்டது.

எனினும் செலுத்தலால் ஒளியை விஞ்சிச் செய்தி அனுப்ப இயலாது. இரு பக்கத்து விடைகளையும் ஒப்பிட்ட பின்னரே பொருத்தம் புலனாகும். ஆனால், மறுபக்கத்துக் கருவியை நம்பாமலே இரகசியச் செய்தியைக் காக்கும் முறைகளுக்கு அது வழி திறந்துள்ளது.

ஐன்ஸ்டைன் எதிர்பார்த்த விடையை இயற்கை தரவில்லை. எனினும், அவர் ஐயுற்றிராவிடின் இவ்வினாவே எழுந்திராது. நேர்மையான ஐயம் தோற்றாலும் அறிவுக்குத் துணையே என்பதற்கு இவ்வரலாறு சான்று.